கொசுறோடு வந்த இசைத்தட்டு

இரண்டு மணி ஆறு நிமிடம். அட்டையின் பின்புறம் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. அறுபத்தெட்டில் முதலில் வெளிவந்தபோது அந்த ராக் இசைத்தட்டு நாற்பத்தொரு நிமிடம்தான். முப்பத்தாறு வருடம் கழித்து, அன்று விட்டுப்போன பாட்டுகளையும் ஒத்திகைகளையும் சேர்த்து இரண்டு சீடிகளாக மறுபடி போட்டிருந்தார்கள்.

கணேசமூர்த்தி அதை டிக்கோயாவிலிருந்து அண்ணனுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: 'நீ இன்னும் கேட்பாய் என்று நினைத்தேன்.'

"பாத்தியா தங்கச்சி, திருடுனத பதினோரு வருசம் கழிச்சு கொசுறோட திருப்பிக் குடுக்கிறான்" என்று அண்ணன் சிரித்தான்.

கணேசமூர்த்தியின் அப்பா எங்கள் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் சமையல்காரர். துரை ஊரில் இல்லாத ஒரு நாள், அண்ணனும் கணேசமூர்த்தியும் அங்கிருந்த இதே இசைத்தட்டைக் கெசட் நாடாவில் பதிந்து வந்தார்கள். தொழிலாளர் லயத்தில் எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்பார்கள். ஒரு நாள் கெசட்டைக் காணவில்லை. அந்த வாரம் வீட்டுக்கு வந்த வெளியாள் கணேசமூர்த்தி மட்டும்தான். மறுநாள் காலை, எல்லோரும் வேலைக்குப் பெயர் கொடுக்க நிற்கும் பெரட்டுக்களத்தில் வைத்து, அண்ணன் அவரைக் கள்ளன் என்றான்.

அவருடைய அப்பா இறந்தபோதும் அண்ணன் போகவில்லை. நான் போனேன். "அண்ணன் சொகமா?" என்று கேட்டார். தலையாட்டிவிட்டு வந்தேன். அவர் எடுக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அண்ணன் முதல் சீடியைப் போட்டான். கிதார் சுழன்று சுழன்று மேலே போனது.

"பாட்டாடா இது? சாமி ஏறுனவனுக்குக் காய்ச்சலும் வந்த மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. ஆறு வருடம் குவைத்தில் வீட்டு வேலை செய்துவிட்டு வந்தவள்.

அண்ணன் கண்ணை மூடியிருந்தான். இரண்டு பாட்டு முடிந்ததும் எழுந்து நிறுத்தினான்.

"திருப்பி அனுப்பிருவோம். விலாசத்த நீ எழுது. டீச்சர் கையெழுத்துல போகட்டும். பேருக்கு முன்னால கள்ளன்னு போடு."

'கணேசமூர்த்தி' என்று மட்டும் எழுதினேன். பேனா நின்றது.

"அவரு எடுக்கலண்ணே."

"பின்ன? கெசட்டு காலு மொளச்சா போச்சு?"

"அம்மா குவைத்துக்குப் போன புதுசுல, நாம பேசிப் பதிஞ்சு குடுத்தனுப்புனோம்ல. அன்னைக்கு வேற கெசட்டு இல்ல. ஒட்டியிருந்த பேப்பர உரிச்சிட்டு, நான் அதுலதாண்ணே பதிஞ்சேன். நீயும் அதுலதான் பேசுன."