மஞ்சள் தொப்பி நாற்பது

நாலாம் வகுப்புப் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘எண்ணிக்கை டீச்சர்’. வகுப்பை விட்டு வெளியே போகும்போது ஒரு தடவை, உள்ளே வரும்போது ஒரு தடவை, மனசு கேட்காவிட்டால் நடுவில் இன்னொரு தடவை என்று தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பாள். தூக்கத்தில்கூட எண்ணுவாளாம் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அது முழுப் பொய்யும் இல்லை.

குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று இரண்டு மாதம் அலைந்தாள். நிலையத்துக்கு மூன்று கடிதம் போட்டாள். பேருந்துக்காரரிடம் நாலு தடவை நடந்தாள். வெயிலுக்கும் அடையாளத்துக்கும் ஆகட்டும் என்று நாற்பது மஞ்சள் தொப்பி வாங்கினாள். தலைமையாசிரியை ஒருவழியாகச் சம்மதித்தபோது, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்:

“நாப்பது பேரைக் கூட்டிட்டுப் போறீங்க. நாப்பத்தொண்ணா வந்தாலும் நான் கேக்க மாட்டேன். முப்பத்தொம்போதா மட்டும் வந்துடாதீங்க.”

பெற்றோரிடமிருந்து முப்பத்தொன்பது கையெழுத்து வந்துவிட்டது. வராதது குருவியின் அம்மாவிடமிருந்து மட்டும்தான். உருவமும் சின்னது, குரலும் சின்னது என்பதால் அந்தப் பெண்ணை வகுப்பே குருவி என்றுதான் கூப்பிடும். வலது காதுக்குப் பின்னால் செவிக்கருவி மாட்டியிருப்பாள். அதைக் கழற்றிவிட்டால், இடி இடிப்பதைக்கூட மின்னலைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வாள்.

அம்மா ஒரு சலவைக்கூடத்தில் ஆஸ்பத்திரிப் போர்வைகளுக்கு இஸ்திரி போடுபவள். டீச்சர் அங்கேயே தேடிப் போனாள்.

“கூப்பிட்டா திரும்பிப் பாக்காது டீச்சர். அதைப் போய்த் தண்ணிக்கிட்ட கூட்டிட்டுப் போறேங்கறீங்க” என்றாள் அம்மா, ஆவிக்கு நடுவில் நின்றபடி. “எனக்கு இருக்கறது இது ஒண்ணுதான்.”

“மத்த பிள்ளைங்களுக்கு ஜோடி போட்டு, கையைப் புடிச்சுக்கச் சொல்லியிருக்கேன்மா. உங்க பொண்ணுக்கு ஜோடி நான்தான். கையை விட மாட்டேன்.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். கிளம்பும் நாள் காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து, காகிதத்தில் மடித்த ஒரு பொட்டலத்தை டீச்சர் கையில் வைத்தாள். “பேட்டரி. இப்போ இருக்கறது இன்னைக்குத் தீந்துடும்போல. மூணு மணிக்கு மாத்திடுங்க. கேக்கலைன்னு அதுவா வாயைத் திறந்து சொல்லாது.”

துணைக்கு வரவேண்டிய டீச்சருக்குக் காய்ச்சல். கடைசி நிமிடத்தில் பி.டி. சாரை அனுப்பினார்கள். பெரிய வகுப்புகளுக்கு விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பவர். நாலாம் வகுப்பில் ஒரு முகமும் அவருக்குத் தெரியாது. “கவலைப்படாதீங்க டீச்சர், மஞ்சளாத் தெரியறதெல்லாம் நம்ம சொத்து” என்று சிரித்தார்.

சுத்திகரிப்பு நிலையத்தில் நாலு பெரிய வட்டத் தொட்டிகள் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு நீள இரும்புக் கை, நகர்வதே தெரியாமல் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருந்தது. இருபது அடி ஆழம் என்று சுற்றிக்காட்டியவர் பெருமையாகச் சொன்னார். கம்பி வேலியின் இடைவெளியில் ஒரு குழந்தை தாராளமாக நுழைந்துவிடலாம். குருவியின் கையை அவள் இறுக்கிப் பிடித்தாள். பம்ப் அறையில் இடுப்பளவு பருமனுள்ள ஒரு குழாய் அதிர்ந்துகொண்டிருந்தது. குருவி அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

“டீச்சர், இது பாடுது” என்றாள்.

இரண்டரை மணிக்குக் கிளம்பும்போது வாசலில் இன்னொரு பள்ளிக்கூடத்துக் கூட்டமும் வந்து சேர்ந்தது. அவர்களுக்கும் அதே வெள்ளையும் நீலமும்தான் சீருடை. அந்த நெரிசலில் ஒரு பிள்ளைக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. நெற்றியைத் தாங்க ஒரு கை வேண்டும், முதுகைத் தடவ ஒரு கை வேண்டும். “இங்கேயே நில்லு கண்ணு” என்று சொல்லிவிட்டு டீச்சர் குருவியின் கையை விட்டாள்.

விட்டது அவ்வளவுதான்.

பி.டி. சார் தொப்பிகளை எண்ணி எண்ணிப் பேருந்தில் ஏற்றினார். நாற்பது. வாந்தி எடுத்த பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு கடைசி இருக்கையில் உட்கார்ந்த டீச்சர், அங்கிருந்தே தானும் எண்ணினாள். நாற்பது. முன்வரிசை ஜன்னல் ஓரத்தில், குருவிக்கென்று ஒதுக்கிய இடத்தில், ஒரு மஞ்சள் தொப்பி தூங்கி விழுந்துகொண்டிருந்தது. பேருந்து கிளம்பியது.

மூன்று மணிக்கு டீச்சர் பொட்டலத்தைப் பிரித்தபடி முன்னால் போனாள். காதைப் பார்ப்பதற்காகத் தொப்பியை மெல்லத் தூக்கினாள்.

அது வேறு முகம்.

முன்பல் விழுந்த, ஆறு வயதுகூட நிரம்பாத ஒரு சின்னப் பாப்பா கண்ணைக் கசக்கிக்கொண்டு அவளைப் பார்த்தது. கன்னத்தில் அழுது காய்ந்த கோடுகள்.

“யாரும்மா நீ? இந்தத் தொப்பி ஏது?”

“அக்கா குடுத்தாங்க. வெயிலா இருந்துச்சு. எங்க மிஸ்ஸைக் காணோம்னு அழுதேன். நான் போய்க் கூட்டிட்டு வரேன்னு அக்கா போனாங்க. அப்புறம் அந்த சார் தூக்கி ஏத்திட்டாங்க.”

பி.டி. சாரின் முகம் சாம்பல் பூத்துப்போனது. டீச்சரின் உள்ளங்கையில் பொத்தான் அளவு பேட்டரி இருந்தது. அது இங்கே இருக்கிறதென்றால், அங்கே அந்தக் குழந்தையின் காதில் இப்போது ஒன்றும் விழாது. நாலு தொட்டி. இருபது அடி.

“அண்ணா, வண்டியைத் திருப்புங்க!”

“நடுவுல சுவர் இருக்கு டீச்சர், நாலு கிலோமீட்டர் போனாத்தான் திரும்ப முடியும்” என்ற டிரைவர், கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு பேசாமல் வேகத்தைக் கூட்டினார். நிலையத்தின் எண்ணுக்குப் பி.டி. சார் போன் போட்டார். மணி அடித்தது, அடித்தது, ஓய்ந்தது. திரும்பப் போட்டார். டீச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தினமும் விளக்கேற்றி முறையாகப் பிரார்த்தனை செய்கிறவளுக்கு அப்போது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. ‘கடவுளே, கையை நான் விட்டுட்டேன், நீ விட்டுடாதே’ என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டாள்.

பேருந்து சுத்திகரிப்பு நிலையத்துக்குள் நுழைந்தபோது, மூன்றாவது தொட்டியைச் சுற்றிக் கூட்டம். இரண்டு வேலையாட்கள் நீளமான கொக்கிக் கம்பைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்கள். படியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

சட்டை முழுக்க நனைந்த ஒரு வாத்தியார் தொட்டி ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். பி.டி. சாரின் தோளில் இருந்த பாப்பாவைக் கண்டதும் எழுந்து ஓடி வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். அழுகையும் சிரிப்புமாக அவருக்கு மூச்சு வாங்கியது. “கெடச்சுட்டா! கம்பை எடுங்கப்பா, பிள்ளை கெடச்சுட்டா!”

“எடுக்காதீங்க” என்றாள் டீச்சர். “எடுக்காதீங்க… இன்னும் ஒரு பிள்ளை.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பு மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கியது.

“குருவீ!” என்று கத்திக்கொண்டு ஓடினாள். ரெண்டாவது தொட்டியைத் தாண்டும்போதுதான், கேட்காத காதைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. நின்றாள். இரும்புக் கை தன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது காலடியில், சிமென்ட் தரைக்குள்ளிருந்து, ஒரு மெல்லிய அதிர்வு செருப்பைத் தாண்டி ஏறியது.

டீச்சர், இது பாடுது.

பம்ப் அறைக்கு ஓடினாள். கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையாலும் அறைந்தாள். கதவைத் திறந்த பம்ப் ஆபரேட்டர், கிரீஸ் படிந்த கையால் உள்ளே காட்டினார்.

பெரிய குழாயைக் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதன்மேல் ஒட்டிவைத்து, தரையில் உட்கார்ந்திருந்தாள் குருவி. தொப்பி இல்லாத தலையில், புருவத்தை மறைத்துக்கொண்டு, ஆபரேட்டரின் வெள்ளை ஹெல்மெட்.

“உங்க பொண்ணாம்மா?” என்று இரைச்சலுக்கு மேலே கத்தினார் அவர்.

இல்லை என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. “ஆமாங்க.”

“தொட்டி ஓரமாத் தனியா நடந்துட்டிருந்துச்சு. பேர் கேட்டா பதில் இல்ல. உள்ள கூட்டிட்டு வந்தா இந்தக் குழாயைப் புடிச்சுது, விடவே மாட்டேங்குது. ஆபீசுக்குப் போன் பண்ணேன், ஒருத்தரும் எடுக்கல. விட்டுட்டுப் போனா மறுபடி தண்ணிப் பக்கம் போயிடுமோன்னு பயம். சரி, யாராவது தேடி வராமலா போவாங்கன்னு கதவைச் சாத்திட்டுக் கூடவே உக்காந்துட்டேன்.”

டீச்சர் மண்டியிட்டு உட்கார்ந்தாள். பேட்டரி இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டு தடவையும் ஆபரேட்டர்தான் தேடி எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் தடவை பொருந்தியது. குருவி கண்ணை ஒருமுறை சிமிட்டிவிட்டுக் கேட்டாள்:

“அந்தப் பாப்பாவோட மிஸ் வந்துட்டாங்களா, டீச்சர்?”

அதற்குப் பிறகுதான் டீச்சருக்கு அழுகை வந்தது. அழுகிற ஒரு குழந்தைக்கு இந்தக் குழந்தை தன் நிழலைக் கழற்றிக் கொடுத்திருக்கிறாள். வெறுந்தலையோடு வந்தவளுக்கு முன்பின் தெரியாத ஒருவர் தன் தொப்பியைக் கவிழ்த்திருக்கிறார். தான் பிடிக்கத் தவறிய கைக்குக் கடவுள் வேறு கை வைத்திருந்தார் என்று நினைத்தபோது, நன்றியைவிட வெட்கமே அவளுக்கு அதிகமாக இருந்தது.

திரும்பும்போது அவள் தலைகளை எண்ணவில்லை. ஒவ்வொரு தொப்பியாகத் தூக்கி, முகத்தைப் பார்த்து, பெயர் சொல்லி எண்ணினாள். வேண்டுமென்றே கண்ணை உருட்டி நாக்கை நீட்டியவனையும் பொறுமையாகப் பார்த்தாள். நாற்பது.

பள்ளிக்கூடம் நெருங்கும்போது பி.டி. சார் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் பேசினார். “தப்பு என் மேலதான் டீச்சர். ஆனா பிள்ளைதான் முழுசாக் கெடச்சுட்டாளே… அவங்க அம்மாகிட்ட இதைச் சொல்லித்தான் ஆகணுமா? உங்க வேலைக்கே உலை வெச்சிடும்.”

தொட்டி ஓரத்தில் இருந்த பயம் போய், அதைவிடச் சின்னதாக, ஆனால் அதே அளவு கூர்மையாக இன்னொரு பயம் டீச்சருக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

வாசலில் அம்மா நின்றிருந்தாள். ஒரு மணி நேரம் தாமதம். நின்ற இடத்தை விட்டு அசைந்ததாகத் தெரியவில்லை. டீச்சர் குருவியைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே அவளிடம் போனாள். கையை விட்டதையும், நாற்பது என்று எண்ணிக் கிளம்பியதையும், கொக்கிக் கம்பையும், பம்ப் அறையையும், ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். “கையை விட மாட்டேன்னு சொன்னேன்மா. விட்டுட்டேன்” என்று முடித்தாள்.

அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். மகளை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். தலையைத் தடவினாள், காதைத் தொட்டுப் பார்த்தாள். நாலு எட்டு நடந்தும் போய்விட்டாள். டீச்சர் தலை குனிந்தபடி நின்றாள்.

அம்மா திரும்பி வந்தாள். கண் இன்னும் கலங்கித்தான் இருந்தது.

“நாப்பது பிள்ளைக்கு ரெண்டு கை எப்படி டீச்சர் போதும்?” என்றாள். “அடுத்த தடவை கூட்டிட்டுப் போறப்போ முன்னாடியே சொல்லுங்க. நான் லீவு போட்டுட்டு வரேன். எனக்கும் எண்ணத் தெரியும்.”