பதினான்கு பேருக்கு ஒரு சாக்கு

அந்தச் சலவைக்கூடத்தில் முகக்கவசத்தை யார் அதிகம் வெறுக்கிறார்கள் என்று ஒரு போட்டி வைத்திருந்தால், முதல் பரிசு சூப்பர்வைசருக்குத்தான் போயிருக்கும். அவர் வேலையே விசில் அடிப்பது. எட்டு சலவை இயந்திரங்களும் இரண்டு நீராவி உருளைகளும் ஓடுகிற இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. ஒரு விசில் என்றால் அடுத்த வண்டித் துணி வருகிறது. இரண்டு என்றால் தேநீர். மூன்று என்றால் எவளோ எதையோ கருக்கிவிட்டாள். வாயை மூடிக்கொண்டு விசில் அடிக்க இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை.

இரண்டாம் பரிசுக்கு மடிப்புப் பிரிவில் பதினான்கு பேர் வரிசையில் நின்றார்கள். மருத்துவமனைப் போர்வைகளும் விடுதிப் படுக்கை விரிப்புகளும் உருளையிலிருந்து சுடச்சுட வந்து விழுகிற இடம் அது. ஒருத்திக்கு மூச்சு முட்டியது. ஒருத்திக்கு மூக்குக் கண்ணாடியில் பனி மூடியது. இன்னொருத்தி, "இத்தனை வெந்நீர்ல வெந்துட்டு வர்ற துணியில கிருமி எங்கடி இருக்கும்? நாமளே பாதி வெந்துட்டோம், நம்மகிட்ட எப்படி வரும்?" என்று விஞ்ஞானமே பேசினாள். கவசங்கள் தாடையில் தொங்கின, கழுத்தில் தொங்கின, ஒருத்தியின் முழங்கையில்கூடத் தொங்கியது. சுகாதார அதிகாரி இரண்டு தடவை வந்து எச்சரித்துவிட்டுப் போனார். மூன்றாவது தடவை பிரிவையே பூட்டிவிடுவேன் என்றார்.

அங்கே பதினைந்தாவதாக ஒருத்தி இருந்தாள். எட்டு வயதில் காய்ச்சலோடு அவள் காதும் போய்விட்டது. பேச வரும், உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பதினோரு வருடமாக அங்கே அவளுக்குப் பெயர் 'டமாரம்'. முதுகுக்குப் பின்னால் கூப்பிட வேண்டிய அவசியம்கூட யாருக்கும் இல்லை.

ஒரு நாள் சூப்பர்வைசர் அவளைத் தன் கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டினார். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் பேசினார்.

"உக்காரும்மா. இந்த மாஸ்க் வந்ததுலேர்ந்து உனக்கு ரொம்பக் கஷ்டம்ல? யார் என்ன பேசறாங்கன்னு தெரியாது. பாவம், எனக்கு மனசே கேக்கல."

அவள் திகைத்துப் போனாள். பதினோரு வருடத்தில் அவர் அவளிடம் பேசியதெல்லாம் ஆள்காட்டி விரலால்தான். அங்கே போ. இதை எடு. அவ்வளவுதான்.

"உன் ஊனச் சான்றிதழ் ஒரு நகல் கொடு. மேல எழுதிப் போடறேன். நீ வாயைப் பாத்துதான் புரிஞ்சுக்கணும், அதனால உன்கூட வேலை செய்றவங்க மாஸ்க் போட வேண்டியதில்லன்னு அனுமதி வாங்கிடலாம். எல்லாம் உனக்காகத்தான்."

கடிதம் தயாராக மேஜையில் இருந்தது. அவள் படித்துப் பார்த்தாள். 'முகக்கவசம் அணிந்தவர்களுடன் என்னால் பணிபுரிய இயலவில்லை' என்று அவளே விண்ணப்பிப்பது போல் எழுதியிருந்தது. அது பொய். அவளுடைய வேலைக்கு யாருடைய உதடும் தேவையில்லை. விரிப்பின் இரு மூலைகளை அவள் பிடித்தால் மறு மூலைகளைப் பிடிப்பவள் நெட்டை. ஒரு இழுப்பு என்றால் கிழிசல், இரண்டு இழுப்பு என்றால் கறை. எட்டு வருடமாக அந்தப் போர்வை வழியாகவே இருவரும் வேலை பார்த்தார்கள். ஒரு துணி தப்பிப் போனதில்லை.

ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். நாற்காலி போட்டு உட்கார வைத்து, முகம் பார்த்துப் பேசிய மனிதரிடம் எப்படி மாட்டேன் என்பது?

அனுமதி நான்கே நாளில் வந்தது. அவளுடைய சான்றிதழின் நகலைப் புகைப்படத்தோடு பிரிவின் வாசலில் ஆணியடித்து மாட்டினார்கள். அதன் கீழே, 'செவித்திறன் குறைந்த பணியாளரின் நலன் கருதி இப்பிரிவுக்கு விலக்கு.' பதிமூன்று முகங்கள் திறந்தன.

அன்றிலிருந்து டமாரம் செத்துப்போய் 'கண்ணு' பிறந்தாள். "வா கண்ணு, டீ குடி." "தங்கச்சி, நீ முன்னால நில்லு, உனக்குக் காத்து வரட்டும்." "உன் புண்ணியத்துல மூச்சு விடறோம்டி, நீ நல்லா இருக்கணும்." அதிகாரி மூன்றாவது தடவை வந்தார். வாசலில் இருந்த காகிதத்தைப் படித்தார், அவளைப் பரிதாபமாக ஒரு பார்வை பார்த்தார், போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் எல்லோரும் கைதட்டிச் சிரித்ததை அவள் பார்த்தாள். அவளும் சிரித்தாள்.

நெட்டை மட்டும் கவசத்தைக் கழற்றவில்லை. ஆறடிக்கு இரண்டு விரல் குறைவான உடம்பு, ஐம்பதைத் தாண்டிய வயது, சர்க்கரை வேறு. மற்றவர்கள் கேலி பண்ணியபோது கண்ணை மட்டும் உருட்டினாள். மூன்றாம் நாள் போர்வையைப் பாதி மடித்து இருவரும் கிட்டே வந்தபோது, நெட்டை கவசத்தை ஒரு நொடி இறக்கினாள்.

"ஏய், உண்மையைச் சொல்லு. நான் இதைப் போட்டுட்டு இருக்கறது உனக்குக் கஷ்டமா இருக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. ஆனால் எதிரே, ஒரு முழத் தூரத்தில், ஒரு வாய் அவளுக்காகவே திறந்திருந்தது. வீட்டில் அண்ணி அவளிடம் கையால்தான் பேசுவாள். சாப்பிடு, தள்ளு, கதவை மூடு. அண்ணன் அதுவும் இல்லை. மூன்று நாளாக மற்றவர்கள் பேசுவதெல்லாம் டீ குடி, நல்லா இரு என்பதோடு முடிந்துவிடுகிறது. நெட்டை பேசினால் கதையாகப் பேசுவாள் என்று அவளுக்குத் தெரியும்.

"ஆமாக்கா" என்றாள்.

"முன்னாடியே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன, கழுதை!" என்று நெட்டை கவசத்தைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த மூன்று வாரம் அவள் வாழ்க்கையிலேயே பேச்சு நிறைந்த மூன்று வாரம். ஒரு ஷிப்டில் நானூறு விரிப்பு; நானூறு தடவை இருவரும் எட்டிப்போய் நானூறு தடவை முகத்துக்கு முகம் வந்தார்கள். ஒவ்வொரு நெருக்கத்திலும் நெட்டை ஒரு துண்டுக் கதை சொல்வாள். விலகிப் போகும்போது அவள் அதை நினைத்துச் சிரிப்பாள். லிஃப்ட் ரிப்பேர் செய்கிற தன் வீட்டுக்காரர் பதினெட்டாவது மாடியில் கயிற்றில் தொங்குவார், வீட்டில் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டில் மேல் ஏறிக்கொள்வார் என்றாள். மருமகள் அவளுடைய செருப்பைப் போட்டுப் பார்த்துப் படகு என்று சொன்னதைச் சொன்னாள்.

"நீ ஏன்டி இவ்வளவு நாள் என்கிட்ட பேசவே இல்ல?" என்று ஒரு நாள் நெட்டை கேட்டாள்.

"நீங்க கேக்கவே இல்லையே."

நெட்டை சிரித்த சிரிப்பில் கையிலிருந்த போர்வை தரையில் விழுந்தது. சூப்பர்வைசர் மூன்று விசில் அடித்தாராம்.

நான்காம் வாரம் வரிசையில் முதலில் நின்றவளுக்குக் காய்ச்சல். பிறகு விஞ்ஞானம் பேசியவளுக்கு. ஒரே வாரத்தில் ஐந்து பேர். நான்கு பேர் இருமி, படுத்து, எழுந்து வந்துவிட்டார்கள். நெட்டை எழவில்லை. பதினோராம் நாள் மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. அந்த மருத்துவமனையின் விரிப்புகளும் இவர்கள் மடித்தவைதான்.

மறுநாள் காலையில் பிரிவில் ஒரு முகம் பாக்கியில்லாமல் கவசம் ஏறியிருந்தது. இரண்டு போட்டிருந்தவளும் உண்டு. வியர்த்துக் கொட்டியது, எவளுக்கும் மூச்சு முட்டவில்லை. வாசலில் இருந்த காகிதத்தை யாரோ கிழித்துவிட்டார்கள். ஆணியோடு அவள் புகைப்படத்தின் ஒரு மூலை மட்டும் மிச்சம்.

'கண்ணு' என்று எவளும் கூப்பிட்டிருக்க மாட்டாள். கூப்பிட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது. தேநீர் வேளையில் அவள் உட்கார்ந்த பெஞ்சு காலியானது. கூடத்தின் மறுகோடியில் விஞ்ஞானம் பேசியவள் தேநீர் குடிக்கக் கவசத்தை இறக்கியிருந்தாள். நாற்பது அடி தூரம். இவளுக்குக் கேட்காது என்ற தைரியம். அந்த உதட்டை இவள் எழுத்துக் கூட்டாமல் படித்தாள்.

"டமாரத்துக்குப் பாவம் பாத்து நாம கழட்டினோம். அவளுக்கு ஒண்ணும் ஆகல பாரு. ஒரு உசுரை முழுங்கிட்டுக் குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கா."

சாயங்காலம் சூப்பர்வைசர் கூப்பிட்டார். இந்தத் தடவை நாற்காலி இல்லை. கதவைச் சாத்தி, சுற்றிலும் பார்த்துவிட்டு, கவசத்தைக் கீழே இழுத்தார்.

"நாளைக்கு விசாரணைக்கு ஆள் வருது. நீ கேட்டதாலதான் எல்லாரும் கழட்டினாங்கன்னு சொல்லு. கையெழுத்தும் உன்னுதுதான். உன்னை யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்க. காது கேக்காதவளைப் போய் யாரு தண்டிப்பாங்க? மாத்திப் பேசினேன்னு வெச்சுக்க, பிரிவை மூடுவாங்க. பதினாலு குடும்பம் நடுத்தெருவுல நிக்கும். உனக்கும் இங்க வேலை இருக்காது. புரியுதா?"

புரிந்தது. மிகத் தெளிவாகப் பேசியிருந்தார்.

பதினாலு குடும்பம் என்று அவர் சொன்ன கணக்கில் நெட்டையின் குடும்பமும் இருக்கிறதா என்று இரவெல்லாம் யோசித்தாள். வேலை போனால் அண்ணி என்ன செய்வாள் என்பதை யோசிக்கத் தேவையிருக்கவில்லை. கை பேசும்.

மறுநாள் இயந்திரங்களை நிறுத்தினார்கள். எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். அதிகாரி இரண்டு கவசமும் அதன்மேல் கண்ணாடித் தகடும் போட்டிருந்தார். அவள் எதிரே வந்து ஏதோ கேட்டார். துணி அசைந்தது. அவள் விழித்தாள். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் அவளுக்காகப் பதில் சொல்வது போல் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அந்தத் துணியும் அசைந்தது. தன் வாயில் என்ன வார்த்தையை வைக்கிறார்கள் என்று தெரியாமல் அவள் இரண்டு துணிகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அதிகாரிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது போலிருக்கிறது. தகட்டை மேலே தள்ளிவிட்டு, ஒரு விரலைக் கவசத்துக்குள் விட்டு, கீழே இறக்கப் போனார்.

"கழட்டாதீங்க!"

அவள் குரல் எவ்வளவு சத்தமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. அதிகாரி இரண்டடி பின்னால் போனதை வைத்துத்தான் தெரிந்துகொண்டாள்.

"எழுதிக் காட்டுங்க சார். நான் படிப்பேன்."

அவர் விரலை எடுத்தார். தாளில் எழுதிக் காட்டினார்: மற்றவர்கள் முகக்கவசத்தைக் கழற்ற வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்களா?

"கையெழுத்து நான்தான் போட்டேன் சார். எழுதினது அவரு. எழுதியிருக்கறது பொய். மாஸ்க் போட்டுக்கிட்டே இவங்க எல்லார்கூடவும் நான் வேலை பாத்திருக்கேன், ஒரு துணி தப்பினதில்ல. இவங்க யாரும் எனக்காகக் கழட்டல, புழுக்கத்துக்காகக் கழட்டினாங்க. இவரு விசிலுக்காகக் கழட்டினாரு." மூச்சு வாங்கினாள். "எனக்காகக் கழட்டினது ஒருத்திதான். அவகிட்ட நானே பொய் சொன்னேன். எனக்குப் பேச்சுத்துணை வேணும்னு இருந்துச்சு சார். அதையும் எழுதிக்கங்க."

அதிகாரி எழுதினார். என்ன எழுதினார் என்று அவளுக்குக் காட்டவில்லை.

பிரிவைப் பத்து நாள் மூடினார்கள். பிறகு திறந்தார்கள். பதினான்கு குடும்பம் ஒன்றும் நடுத்தெருவில் நிற்கவில்லை. நெட்டையின் இடத்துக்கு ஒருத்தியும் இவள் இடத்துக்கு ஒருத்தியும் வந்தார்கள். அறிக்கை மூன்றே வரி: தகவல் பரிமாற்றக் குறைபாட்டால் நேர்ந்தது, யார் மீதும் குற்றமில்லை, இனி கவனம் தேவை. விசிலுக்குப் பதில் சுவரில் மின்சார மணி ஒன்று மாட்டினார்கள். முதல் நாளே மாட்டியிருக்கலாம்.

சீருடையைத் திருப்பிக் கொடுக்க அவள் கடைசியாகப் போன அன்று, வாசலில் ஓர் ஆள் பையோடு நின்றிருந்தார். பைக்குள் ஒரு சாப்பாட்டு டப்பாவும் படகு போல் ஒரு ஜோடி செருப்பும் தெரிந்தன. லிஃப்ட் கம்பெனிச் சட்டை. யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. காவலாளி அவளைக் காட்டி அவரிடம் ஏதோ சொன்னார்.

அவர் கிட்டே வந்தார். அவளுக்கு ஓடிவிடலாம் போலிருந்தது. அவர் கவசத்தில் கை வைத்தார்.

"வேண்டாம்... எழுதிக் காட்டுங்க" என்றாள்.

பேனாவும் இல்லை, பேப்பரும் இல்லை என்பது போல் கையை விரித்தார். நான்கடி பின்னால் தள்ளிப் போய் நின்று, கவசத்தை இறக்கினார். சவரம் செய்யாத முகம். இப்படிப் பேசிப் பழக்கமில்லாததால் வாயை அளவுக்கு அதிகமாகத் திறந்தார்.

"வீட்டுல அவ கழட்டவே இல்லம்மா. கடைசி மூணு வாரம் தனியாத்தான் சாப்பிட்டா, தனியாத்தான் படுத்தா. என்னடின்னு கேட்டா, அங்க ஒருத்திக்காகக் கழட்டறேன், அதனால இங்க கழட்ட மாட்டேன்னா."

அவள் நின்றாள். பைக்குள் தெரிந்த செருப்பைப் பார்த்தாள்.

அவர் கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டார். ஏற்றிய பிறகும் பேசினார். துணி உள்ளே இழுத்து வெளியே தள்ளியது. திட்டினாரா, கேட்டாரா, போய் வருகிறேன் என்றாரா, தெரியவில்லை. கண் மட்டும் அவளையே பார்த்தது.

எழுதிக் காட்டச் சொல்லி அவள் கேட்கவில்லை.