லேத்துக்குக் குடிபோன கைகள்

லேத்துக்காரரின் இரண்டு கைகளிலும் இருந்த உணர்ச்சி ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல் அவருடைய லேத்துக்குள் போய்விட்டது. அன்றைக்கு வெங்காய விலை ஒரேயடியாக ஏறியிருந்ததால் தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வலி இல்லை, ரத்தம் இல்லை, சத்தம்கூட இல்லை. கீபோர்டில் ஓர் எண்ணைத் தட்டி முடித்தவர் பக்கத்திலிருந்த டீ கிளாஸை எடுத்தார். எடுத்தது கண்ணுக்குத்தான் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை. டீ சூடா ஆறினதா என்று வாயில் ஊற்றித்தான் தெரிந்துகொண்டார்.

நடந்தது இதுதான். வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் நின்ற, இரும்பு கடையும் அந்த லேத் அவர் கல்யாணத்துக்கு முந்தியே வந்தது. அதனால் அது தனக்கு மூத்தவள் என்று மனைவி கேலி செய்வாள். பம்புக்குள் போகும் புஷ் என்ற வளையத்தை ஒரே மாதிரி ஆயுசு முழுக்கக் கடைந்து மணிக்கட்டு விட்டுப்போகவே, லேத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டுவது என்று முடிவு செய்தார். டிவி, மிக்ஸி எல்லாவற்றின் சர்க்யூட் போர்டும் ரிப்பேர் பார்க்கும் போர்டுக்காரர் துணைக்கு வந்தார். கைப்பிடிச் சக்கரம் இருக்கும் இடத்துக்கெல்லாம் ஒரு மோட்டார், பழைய கம்ப்யூட்டர் ஒன்று, நடுவில் ஒயர்கள் பிதுங்கும் ஒரு பெட்டி. சக்கரம் சுற்றினால் வெட்டும் டூலை நகர்த்துகிற திருகை மட்டும் மாற்றவில்லை. பழைய திருகுக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் போன டூலைப் பின்னால் இழுக்கத் திருப்பினால், சக்கரம் கொஞ்சம் சும்மா சுற்றிய பிறகுதான் டூல் அசையும். லேத் ஆட்கள் அதை ஆட்டம் என்பார்கள். கையால் ஓட்டுகிறவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சாப்பிடும்போது கை வாயைத் தேடுவதில்லை. கம்ப்யூட்டருக்கு அந்த ஞானம் கிடையாது. ஆட்டம் எவ்வளவு என்று அதற்கு எண்ணாகச் சொல்லியாக வேண்டும்.

டயல் கேஜ் வைத்து அளந்து போடச் சொன்னார் போர்டுக்காரர். "இத்தன வருஷமா இதச் சுத்துனவன் நானு, டயல் வந்து எனக்குச் சொல்லப் போகுதாக்கும்!" என்றார் லேத்துக்காரர். சக்கரத்தைக் கடைசி முறையாகப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, முன்னும் பின்னும் திருப்பினார். காலையில் அது முரண்டு பிடிப்பது, திருகின் நடுப்பகுதி தேய்ந்து வழுக்குவது, மழைக்காலத்தில் கனப்பது எல்லாம் கையில் வந்து நின்றன. அத்தனையையும் திரட்டி ஓர் எண்ணாக்கித் தட்டினார். மெஷின் கேட்டது ஆட்டத்தை மட்டும். இவர் கொடுத்தது கையில் இருந்த மொத்தத்தையும். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பது சும்மாவா. பிறகு சக்கரங்களைக் கழற்றி அலமாரியில் வைத்து மோட்டாரை மாட்டினார்கள். லேத் ஓடியது.

டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்துவிட்டு நரம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிற நரம்புக்கு மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். லேத்தோ அமோகமாக ஓடியது. பித்தளையில் ஒரு வேகம், இரும்பில் ஒரு வேகம், உள்ளே கீறல் விட்ட உருளையை மாட்டினால் ஓடவே ஓடாது. ஆர்டர்கள் குவிந்தன. லேத்துக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பில் கை பட்டால் நாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தார். மரப்பு கையோடு நிற்கவில்லை. மணிக்கட்டு, முழங்கை என்று ஏறி நெஞ்சுக்குள்ளும் போய்விட்டது. பசித்தால் சாப்பிட்டார், கேட்டால் பதில் சொன்னார். மகள் கைக்குழந்தையோடு வந்து முதல் பேரனை அவர் கையில் கொடுத்தபோது, கூரியர் பார்சலை வாங்குவதுபோல் வாங்கி, கையெழுத்துப் போட எங்கே என்று கேட்கப்போகிறவர்போல் நின்றார்.

"அப்பாவுக்கு எம் புள்ளயப் புடிக்கலயாம்மா?" என்று மகள் சமையலறையில் அழுதது அவர் காதில் விழுந்தது. இது வலிக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தெரிந்தது. வலிக்கட்டும் என்று காத்துக்கொண்டு உட்கார்ந்தார். வலிக்கவில்லை.

விஷயத்தைக் கண்டுபிடித்தது மனைவிதான். ஒருநாள் லேத்தின் மேல் கிடந்த இரும்புச் சுருள்களைப் பிரஷ்ஷால் தள்ளிக்கொண்டிருந்தபோது முன்னறையில் அவர் சிரிப்பது கேட்டது. அவர் சிரித்து மாசக்கணக்காகிறது. பிரஷ்ஷை இன்னொரு தரம் ஓட்டினாள், "அட, கூசுது!" என்று குரல் வந்தது. பிரஷ்ஷை வைத்துவிட்டு உள்ளங்கையை லேத்தின் தலைப்பக்கத்தில் வைத்தாள். "என்ன வேணும்?" என்றார் அவர், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து. கல்யாணமான புதிதில் தோளில் கை வைத்தால் கேட்பாரே, அதே குரல். அவள் கையை எடுக்காமல் வெகுநேரம் நின்றாள். பிறகு போய்ச் சொன்னாள். பைத்தியமா உனக்கு என்றார். அதையும் கோபமில்லாமல் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் பம்ப் கம்பெனி முதலாளி லேத்தையே விலைக்குக் கேட்டார். இப்படிக் கடைகிற மெஷினை அவர் கண்டதில்லையாம். லேத்துக்காரர் சரி என்றார். வருத்தமும் இல்லை, சந்தோஷமும் இல்லை, குடையை இரவல் கொடுக்கிறவர்போல் சரி என்றார். மனைவி விடவில்லை. "போற வண்டில உங்க கையும் சேந்து போகுதுங்க. அப்புறம் எந்தக் கையப் புடிச்சிக்கிட்டு நான் சாகறது?" என்று கத்தினாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

லாரி வந்தது. ஆட்கள் லேத்தைச் சுற்றிக் கயிறு கட்டத் தொடங்கினார்கள். முன்னறையில் முதலாளியோடு பேசிக்கொண்டிருந்த லேத்துக்காரர், ரொம்ப இறுக்குது என்று கையைத் தேய்த்துக்கொண்டாரே தவிர, எதனால் என்று யோசிக்கவில்லை. இனி வாயால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று மனைவிக்குப் புரிந்தது. மெயின் ஸ்விட்சை அணைத்தாள். போர்வையை நாலாக மடித்து லேத்தின் மேல் விரித்தாள். தூங்குகிற பேரனைத் தூக்கி வந்து அதில் கிடத்தினாள். "அம்மா, உனக்கென்ன கிறுக்கா?" என்று மகள் ஓடி வந்தாள். கயிற்றுக்காரர்கள் ஒதுங்கி நின்றார்கள்.

முன்னறையில் பேச்சு பாதியில் நின்றது. லேத்துக்காரர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவற்றில் ஒன்றுமில்லை, ஆனால் கனத்தது. மூச்சு ஏறி இறங்கியது. ஒரு சின்னக் குதிகால் உதைத்தது. அவர் எழுந்து ஷெட்டுக்கு ஓடினார்.

"புள்ளைக்கு ஒடம்பு சுடுது," என்றார்.

மகள் குழந்தையின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். ஆமாம், காய்ச்சல்தான். காலையிலிருந்து யாரும் கவனிக்கவில்லை. லேத்துக்காரர் பேரனை வாரித் தூக்கினார். தூக்கியதும் கனமும் போயிற்று, சூடும் போயிற்று, வெறும் பார்சல். மெதுவாக மறுபடி போர்வையில் கிடத்தினார். எல்லாம் திரும்பி வந்தது. கைகளைத் தொங்கவிட்டபடி அங்கேயே நின்று, தொடாமல் பேரனைத் தொட்டுக்கொண்டிருந்தார். அழுதார். கண்ணீர் புறங்கையில் விழுந்தது அவருக்குத் தெரியவில்லை. முதலாளி வெறும் லாரியோடு, இந்தக் கூத்தை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று முணுமுணுத்துக்கொண்டு போனார்.

காய்ச்சல் மருந்தில் இறங்கிவிட்டது. பேரன் லேத்தின் காலைப் பிடித்துத்தான் நிற்கப் பழகினான். பள்ளிக்கூடம் போகிற வயதில், வீட்டுக்கு வந்தால் முதலில் ஷெட்டுக்குப் போய் லேத்தைக் கட்டிக்கொள்வான், அப்புறம்தான் சாப்பாடு. தெருப்பிள்ளைகள் அதைக் கிள்ளிவிட்டு ஓடி, முன்னறையிலிருந்து திட்டு வாங்குவார்கள். அந்த எண்ணை அழித்துவிட்டு டயல் கேஜால் அளந்து புதிதாகப் போட்டுப் பார்க்கலாமா என்று போர்டுக்காரர் ஒரு தரம் கேட்டார். அழித்தால் உணர்ச்சி கைக்குத் திரும்புமா, அதுவும் சேர்ந்து அழியுமா என்று அவருக்கே தெரியவில்லை. இருக்கட்டும், இருக்கிற இடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று லேத்துக்காரர் சொல்லிவிட்டார். கழற்றிய சக்கரங்கள் அலமாரியிலேயே கிடந்தன. குளிர்காலத்தில் லேத்துக்கு ஒரு கம்பளி போர்த்தினார்கள். வெங்காயம் பலமுறை ஏறி இறங்கியது.

இப்போதும் சாயங்காலம் பாத்திரம் கழுவி முடித்ததும் மனைவி ஷெட்டுக்குப் போகிறாள். மெயினை அணைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையை லேத்தின் தலைப்பக்கத்தில் வைக்கிறாள். முன்னறையில் அவர் பேப்பரை மடித்து வைக்கிறார்.

"கை ஈரமா இருக்கு. தொடச்சிட்டு வை, துருப் புடிக்கும்," என்கிறார்.

அவள் துடைத்துக்கொண்டு மறுபடி வைக்கிறாள்.