பழைய சாலை பச்சையாக இருந்தது

பாதி மைலோவைக் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவுதொட்டியில் வைத்தபடி என் கணவர் சுகுமாறன் கேட்டார்: "மலர், உன் பொம்மை ஊர்ல இன்னிக்கு எந்த ரோடு பச்சை?"

பொம்மை ஊர் என்றால் என் வேலை. கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலைகள், விளக்குகள், காற்றை அளக்கும் கருவிகள் எல்லாவற்றையும் கணினிக்குள் கட்டியிருந்தோம். வாகனங்களை எப்படித் திருப்பினால் நெரிசலும் புகையும் குறையும் என்று அதில் ஓட்டிப் பார்ப்போம். சோதனைக்கென அந்தக் கணினி ஊருக்குள் நான் முதலில் இறக்கியது அவருடைய மோட்டார் சைக்கிளைத்தான். 6:40க்குக் கிள்ளானில் எங்கள் வீட்டிலிருந்து கிளம்பி, 7:32க்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வேலை செய்யும் அச்சகத்தை அடையும்.

அவருக்கு ஆஸ்துமா. புகைமூட்ட நாட்களில் என் திரையைப் பார்த்துத்தான் வழி சொல்வேன். அன்று காற்று கெட்டிருந்த நெடுஞ்சாலை சிவப்பு, பழைய சாலை பச்சை.

"பழைய ரோட்டுல போங்க."

"ஆபீசர் சொன்னா சரிலா," என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

பழைய சாலையோரம் இரவிலிருந்தே குப்பைமேடு எரிந்துகொண்டிருந்தது. மூச்சு முட்டிப் பேருந்து நிறுத்தத்தில் சரிந்தவரை ஒரு லோரிக்காரர் மருத்துவமனையில் சேர்த்தார். நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இழுப்பு மருந்துக் குப்பி காலியாக இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பியதும் அன்றைய பதிவைத் திறந்தேன். பழைய சாலையின் கருவி முந்தைய இரவே செயலிழந்திருந்தது. அளவு வராத இடத்தில் நிரல் பூஜ்யத்தைப் போட்டிருந்தது. பூஜ்யம் என்றால் சுத்தமான காற்று, அதனால் பச்சை. அந்த வரியை எழுதியவள் நான். திரை நின்றுவிடக் கூடாதென்று சோதனை நாட்களில் எழுதி, பக்கத்தில் 'பிறகு மாற்று' என்று குறித்தும் வைத்திருந்தேன்.

அறிக்கையில் கருவிக் கோளாறு என்று எழுதிவிடலாம் என்றார் மேலாளர் ராதாகிருஷ்ணன். நல்ல மனத்தோடுதான் சொன்னார். நான் காரணம் என்ற இடத்தில் அந்த வரியையும் என் பெயரையும் எழுதினேன்.

அன்று மாலை என் மாமியாரிடமும் சொன்னேன்.

"உன்னைக் கேக்காம அவன் எங்கயும் போனதில்லம்மா," என்றார்.



இப்போது அளவு வராத சாலைகள் திரையில் சாம்பல் நிறத்தில் தெரிகின்றன. பொம்மை ஊரிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளை நான் எடுக்கவில்லை. 6:40க்குக் கிளம்புகிறது. 7:32க்குப் பிரிக்ஃபீல்ட்ஸ் சேர்ந்துவிடுகிறது.