மருமகனைத் தோற்கடிக்க நான் பட்ட பாடு

என்ர மருமகன் தேர்தலில தோக்கவேணும் எண்டு நான் நேர்த்தி வச்ச கதை தெரிஞ்சா என்ர மனுசன் மகேந்திரராஜா என்னை வீட்டை விட்டே கலைச்சுப்போடுவார். அதாலதான் அவர் இஞ்ச சிட்னியில, பென்டில் ஹில் கடைக்கு முன்னால ஆரையோ பிடிச்சு வச்சுக் கதைக்கிற நேரமாப் பாத்துச் சொல்லுறன். பயப்பிடாதேங்கோ, மனுசன் கெதியா வரமாட்டார்.

மருமகனுக்குப் பேர் டெல்ரோய். கரீபியன் கடலில செயின்ற் ஒரேலி எண்டு ஒரு தீவு. உலக மப்பில தேடுறதெண்டா கண்ணாடியைப் போட்டுட்டுத்தான் தேடவேணும். தனி நாடும் இல்லை, ஒரு பெரிய நாட்டுக்குச் சொந்தமான நிலம். ஆனா கவர்னரை மட்டும் சனம் வோட்டுப் போட்டுத்தான் எடுக்கும். என்ர ஒரே மகள் வினுஷாவை அங்க டொக்டருக்குப் படிக்க அனுப்பினது வேற ஆருமில்லை, நாங்கள்தான். சிட்னியில மெடிசின் எடுக்க மார்க்ஸ் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. பிள்ளை டொக்டராகாட்டித் தான் சனத்தின்ர முகத்தில முழிக்கிறதெப்பிடி எண்டு மனுசன் குதிச்ச குதியில, எங்கயோ கிடந்த தீவொண்டைக் கண்டுபிடிச்சு அனுப்பினம். பிள்ளை டொக்டராகவும் ஆனாள், அந்தத் தீவுப் பெடியனையே கலியாணமும் கட்டினாள். நல்லா வேணும் எங்களுக்கு.

எங்கட சனம் "மாப்பிள்ளை என்ன ஆக்கள்?" எண்டு கேட்டுது. "மனுச ஆக்கள்தான்" எண்டன். நாலு வீடு தள்ளியிருக்கிற சிவகௌரி, செத்த வீட்டுக்கு வந்தவ மாதிரி என்ர கையைப் பிடிச்சு, "பரவாயில்லை அக்கா, மனசைத் தேற்றிக்கொள்ளுங்கோ" எண்டவ. அதே சிவகௌரி, டெல்ரோய் கவர்னருக்கு நிக்கிறார் எண்டு கேள்விப்பட்டவுடன தொதல் இனிப்போட வந்து நிண்டா. தன்ர மகனுக்கு அங்க ஒரு வேலை எடுக்கேலுமோ எண்டு மெல்லமாக் கேட்டா. எங்கட சனத்தின்ர மனசு அவ்வளவு விசாலம்.

இனி என்ர கதைக்கு வாறன். போன முறை மகளைப் பாத்துட்டு வரேக்க பிளைட்டில இருந்து இருந்தே எனக்குக் கால்ல இரத்தம் கட்டிப் போச்சு. ஆஸ்பத்திரியால வெளிக்கிடேக்க டொக்டர், "இனித் தூரப் பிளைட் ஏறினா உயிருக்கு நான் பொறுப்பில்லை" எண்டு சொல்லிப்போட்டார். அவளுக்கும் லீவில்லை, தீவின்ர வடக்குப் பக்கத்துக்கு அவள் ஒருத்திதான் டொக்டர். மூண்டு வருசமாப் பிள்ளையைப் போனுக்குள்ளதான் பாக்கிறன். அவளுக்குக் கன்னம் வத்தினதோ, போன்தான் அப்பிடிக் காட்டுதோ எண்டுகூடத் தெரியாமல் நான் கிடந்து தவிச்ச தவிப்பு எனக்குத்தான் தெரியும்.

அப்பதான் வினுஷா ஒரு நாள் சொன்னாள். "அம்மா, டெல்ரோய் promise பண்ணியிருக்கிறார். ஒருக்கா கவர்னருக்கு நிண்டு பாப்பாராம். தோத்தா, நாங்கள் சிட்னிக்கே வந்திடுவம். For good."

டெல்ரோய் சொன்னாச் சொன்னதுதான், அதில நான் குறை சொல்லமாட்டன். வெண்டா நாலு வருசம் அங்க, தோத்தா என்ர பிள்ளை இஞ்ச. பெத்தவளுக்கு இதில யோசிக்க என்ன கிடக்கு? அண்டைக்கே பிள்ளையாருக்கு நூத்தெட்டுத் தேங்காய் நேந்தன்.

மனுசன் மற்றப் பக்கமா நிண்டார். வீட்டு ஹோலை எலெக்சன் ஒபிசாக்கி, டெல்ரோயின்ர படத்தைப் பலசரக்குக் கடைக் கண்ணாடியில, மரக்கறி விலைக்கும் பரதநாட்டிய வகுப்பு நோட்டீசுக்கும் நடுவில ஒட்டிவிட்டார். அந்தக் கடைக்கு வாற ஒருத்தருக்கும் அந்தத் தீவில வோட்டில்லை எண்டு சொன்னன். "உமக்கு அரசியல் விளங்காது பவளம்" எண்டார்.

சனிக்கிழமையில ஸ்ட்ராத்ஃபீல்டில இருந்து வரதராஜன் வருவார். தமிழ்நாட்டுப் பெடியன், ஐ.டி. வேலை, நல்ல மரியாதை. லப்டொப்பைத் திறந்து கோடு கோடா வரைஞ்சு ஆருக்கு எத்தினை வீதம் எண்டு காட்டுவார். நிண்டது அஞ்சு பேர், அஞ்சு கட்சி. ஆளுங்கட்சிக்காரன் ஒருத்தன். அவனோட கோவிச்சுக்கொண்டு போய்த் தனிக்கட்சி தொடங்கின அவன்ர சொந்த மச்சான் ஒருத்தன். வீட்டுக்கு வீடு உறைஞ்ச கோழி குடுக்கிற ஹொட்டல் முதலாளி. கடவுளே தன்னை நிக்கச் சொன்னவர் எண்டு சொல்லுற பாஸ்டர் எலையஸ். கடைசியா எங்கட டெல்ரோய், பள்ளிக்கூட வாத்தி. அவர் நாலாமிடத்தில நிண்டதைப் பாத்து எனக்கு உச்சி குளிர்ந்தது.

"அப்ப தோக்கிறது நிச்சயம்தானே தம்பி?" எண்டு கேட்டன்.

"ஐயோ ஆன்ட்டி, கவலையே படாதீங்க" எண்டார் வரதராஜன். நான் என்னத்துக்குக் கேக்கிறன் எண்டு அந்தப் பிள்ளைக்கு எங்க தெரியப்போகுது? "நம்ம ஆஸ்திரேலியா மாதிரி ஒண்ணு ரெண்டு மூணுன்னு நம்பர் போடுற சமாச்சாரம் அங்க கிடையாது. யாருக்கு ஓட்டு அதிகமோ அவர்தான் கவர்னர். அஞ்சு பேர் பிரிச்சுக்கிறதால கால்வாசி ஓட்டு வாங்கினாலே ஜெயிச்சிடலாம்!"

அடுத்த நாளே கோயிலுக்குப் போனன். மனுசன் முன்னுக்கு நிண்டு டெல்ரோய் பேரில அர்ச்சனை செய்விச்சார். நட்சத்திரம் தெரியாது, கம்பியூட்டரில பாத்துத் திருவோணம் எண்டு எடுத்து வச்சிருந்தார். அவர் பிரசாதம் வாங்கப் போன நேரம் நான் ஐயருக்கு இன்னொரு தட்டை நீட்டினன்.

"ஆற்ற பேருக்கு அம்மா?"

"பாஸ்டர் எலையஸ்" எண்டன்.

ஐயர் என்னைப் பாத்தார். பிறகு பிள்ளையாரைப் பாத்தார். "நட்சத்திரம்?"

"ரேவதி எண்டு வையுங்கோ."

பாவம், அந்த ஐயர் ஒரு சொல் கேக்காமல் பாஸ்டருக்கு அருகம்புல் போட்டார். உலகத்திலயே பிள்ளையார் கோயிலில அர்ச்சனை நடந்த முதல் பாஸ்டர் அந்தாள்தான் எண்டு நினைக்கிறன்.

தேர்தலுக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க அந்தத் தீவு ரேடியோவில இருந்து கோல் வந்தது. அஞ்சு பேற்ற மாமிமாரோடயும் கதைக்கிற நிகழ்ச்சியாம். மற்ற நாலு மாமிமாரும் கதைச்சு முடிஞ்சுது. ஒவ்வொருத்தியும் தன்ர மருமகன் தங்கம், வைரம், தேவதூதன் எண்டு வாய் நோகப் புகழ்ந்திருக்கிறாளவை. கோழி முதலாளியின்ர மாமி அழவும் அழுதவவாம். இப்ப என்ர முறை. அவையளுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம், எங்களுக்குச் சனிக்கிழமை காலமை. மனுசனும் வரதராஜனும் லப்டொப்பில அந்த ரேடியோவைப் போட்டு, முன்னால கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தினம். நான் போனை எடுத்துக்கொண்டு குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்தினன். பிள்ளையாரே அனுப்பின சந்தர்ப்பம், விடுவனே?

எனக்கு இங்கிலீசு மட்டுமட்டு. ஆனா கோவம் வந்தா நல்லா வரும். அண்டைக்கு வந்த கோவமும் நடிப்பில்லை, வருசக்கணக்கா நெஞ்சுக்குள்ள கிடந்ததுதான்.

"உங்கட மருமகன் எப்பிடிப்பட்டவர்?" எண்டு கேட்டான் ரேடியோக்காரன்.

"மருமகனோ? ஐயோ, அந்தக் கறுமத்தை ஏன் கேக்கிறாய் ராசா" எண்டு தொடங்கினன். "புயலடிச்சு ரெண்டு வருசம். ஊரில இருக்கிற வீடெல்லாத்துக்கும் ஏறி நிண்டு கூரை போட்டார். தன்ர வீட்டுக் கூரைக்கு இன்னும் தார்ப்பாய்தான், நீலப் படங்கு. என்ர பிள்ளை மழைக்கு வாளி வச்சுக்கொண்டு படுக்கிறாள். வீட்டைப் பாக்கத் தெரிஞ்ச ஆம்பிளை செய்யிற வேலையே இது? காரைக் குடுத்திட்டார் ஆஸ்பத்திரி ஓட்டத்துக்கு. தான் நடந்து திரியிறார். நான் பெட்டி கட்டி, மாசக்கணக்கில பழுதாகாத பருத்தித்துறைத் தட்டை வடை அனுப்பினா, மீன்பிடிக்கிற ஆக்களுக்குப் பங்கு வச்சுக் குடுத்திட்டு எனக்குப் போன் எடுத்து அவைக்கு நல்லாப் பிடிச்சதாம் எண்டு சொல்லுறார். வெக்கமில்லாமல்!"

அவன் சிரிச்சான். சிரிக்கச் சிரிக்க எனக்கு இன்னும் ஏறிச்சுது.

"தீவின்ர வடக்குப் பக்கத்துக்கு எப்ப கரண்ட் முழுசா வரும் எண்டு கேட்டா, தெரியாது எண்டு சொல்லுறார். மேடையில நிண்டு சொல்லுறார்! தெரியாது எண்டு சொல்லுற ஆம்பிளையை நான் என்ர ஆயுசில கண்டதில்லை. என்ர மனுசனுக்குத் தெரியாத விசயமே இந்த உலகத்தில இல்லை. சொந்த வீட்டை முதலில பாக்கத் தெரியாதவர் தீவைப் பாப்பாரோ? நீங்களே யோசியுங்கோ."

வச்சிட்டன். அப்பாடா எண்டிருந்தது. எங்கட ஊரில ஒரு மாப்பிள்ளையைப் பற்றி இதில பாதியைச் சொன்னாலே பேச்சுவார்த்தை முறிஞ்சுபோகும். நான் முழுக்கச் சொல்லிப்போட்டன்.

பாழாப்போன தீவு! முதலாவதா ரேடியோவுக்குக் கோல் எடுத்தது ஒரு பொம்பிளை. தன்ர வீட்டுக் கூரை டெல்ரோய் போட்டதாம், அவற்ற வீட்டில படங்கு எண்டு தனக்கு இண்டைக்குத்தான் தெரியுமாம் எண்டு விக்கி விக்கி அழுதாளாம். அதுக்குப் பிறகு கோல் ஓயேல்லையாம். அடுத்த கிழமை வரதராஜன் ஓடி வந்தார். டெல்ரோயின்ர கோடு லப்டொப்பில செங்குத்தா மேல போகுது. "ஆன்ட்டி, நீங்க ஜீனியஸ்!" எண்டு என்ர காலைத் தொட்டுக் கும்பிட்டார். தீவில சனம் வீட்டு வாசலில நீலப் படங்கு கட்டுதாம். நான் கத்தினதை அப்பிடியே வெட்டி, மேளத்தோட பாட்டாக்கிப்போட்டாங்களாம். நான் பகிடிக்குத்தான் அப்பிடிப் பேசினனான் எண்டு நம்பி, மனுசன் அந்தப் பாட்டைப் போனில போட்டுக்கொண்டு கடைத்தெருவால நடக்கிறார்.

எனக்கு விசர் பிடிச்சுது. நானே அந்த ரேடியோவுக்குப் போன் எடுத்து, "நான் பகிடி விடேல்லை, உண்மையாத்தான் பேசினனான், அந்தாள் வீட்டுக்கு உதவாத ஆள்" எண்டு திருப்பிச் சொன்னன். அதையும் போட்டாங்கள். மேல போன கோடு இன்னும் மேல போச்சு. அந்தத் தீவுச் சனத்துக்கு ஒரு மனுசனைத் திட்டினா விளங்காதோ எண்டு எனக்கு வந்த ஆத்திரத்தில அண்டைக்குக் கறிக்கு உப்புப் போட மறந்தன்.

வோட்டு எண்ணின நாள் எங்களுக்குப் புதன்கிழமை மத்தியானம். வீடு நிரம்பச் சனம், வேலைக்குச் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டு வந்து நிக்குது. சிவகௌரி பட்டுச்சீலை. நான் வடை சுட்டுக்கொண்டே உள்ளுக்குள்ள பாஸ்டர் எலையஸைக் கும்பிட்டன். பாஸ்டர் கைவிட்டார். ஆளுங்கட்சியும் மச்சானும் ஆளையாள் தின்ன, கோழி முதலாளி கிட்டக் கிட்ட வந்து நிண்டுபோனான். நூறில முப்பது வோட்டோட டெல்ரோய் கவர்னர். ஹோல் அதிர்ந்தது. மனுசன் சின்னப்பிள்ளை மாதிரித் துள்ளினார். வரதராஜன் விசில் அடிச்சார்.

அந்த நேரம் என்ர போன் அடிச்சுது. வினுஷா. குசினிக்குள்ள போய் எடுத்தன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, நான் உங்களுக்கு ஒண்டு சொல்லவேணும். கோவிக்கமாட்டீங்கள்தானே? நான் அவருக்கு வோட்டுப் போடுறதில்லை எண்டுதான் இருந்தனான்."

"என்ன பிள்ளை சொல்லுறாய்?"

"அவர் தோத்தா உங்களிட்ட வந்திடலாம் எண்டு. ரெண்டு பெட்டியும் அடுக்கி வச்சிட்டன், அவருக்குச் சொல்லேல்லை. எனக்கு இஞ்ச இருந்தது போதும் எண்டு போச்சு அம்மா. ஒவ்வொரு நாளும் உங்களை நினைச்சு அழுவன். I just wanted to come home." மூக்கை உறிஞ்சினாள். "பிறகு நீங்கள் ரேடியோவில கதைச்சதைக் கேட்டன். நீங்கள் ஒரு நாளும் ஒருத்தரையும் நேர புகழமாட்டீங்கள், கண்ணூறு படும் எண்டு திட்டித்தான் சொல்லுவீங்கள். எனக்குத் தெரியாதே? என்ர அம்மாவே இவ்வளவு பெருமைப்படுற மனுசனை நான் விட்டுட்டு ஓடப் பாக்கிறனே எண்டு வெக்கமாப் போச்சு. அண்டைக்கே பெட்டியை அவிழ்த்திட்டன். அவருக்குத்தான் வோட்டும் போட்டன். You saved us, அம்மா."

அடியே, நான் அவனைப் புகழேல்லையடி, உன்னைத்தான் கூப்பிட்டனான் எண்டு சொல்லத்தான் வெளிக்கிட்டன். அவள் அந்தப் பக்கம் சந்தோசத்தில விம்முறாள். என்னெண்டு சொல்லுறது?

"நல்ல காரியம் செய்தாய் பிள்ளை" எண்டன். "போ. போய் அவரோட நில்லு."

போனை வச்சிட்டு அடுப்படியில நிண்டு வாய்விட்டு அழுதன். சத்தம் கேட்டுச் சனம் முழுக்கக் குசினிக்குள்ள வந்திட்டுது. "கவர்னரின்ர மாமிக்கு ஆனந்தக் கண்ணீர்!" எண்டு சிவகௌரி கத்த, மனுசன் என்ர தோளில கையைப் போட்டுக்கொண்டு நிக்க, வரதராஜன் போட்டோ எடுத்தார்.