ஞாயிற்றுக்கிழமைச் சக்களத்தி

தனக்கு ஒரு சக்களத்தி இருக்கிறாள் என்று இருளாயி ஒரு வருஷம் முழுக்க நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? ஞாயிறு விடிந்தால் போதும், புருஷன் அர்ச்சுனன் சட்டையை மாட்டிக்கொண்டு பேராக் ரப்பர்த் தோட்டத்தை விட்டு, ஈயச் சுரங்கம் இருக்கிற லகாட்டுக்கு நடையைக் கட்டிவிடுவான். திரும்பி வரும்போது முகம் கழுவிவிட்டது மாதிரி தெளிந்திருக்கும். எந்தப் பெண்சாதிக்குத்தான் வயிறு எரியாது?

ஒரு ஞாயிறு பின்னாலேயே போய்ப் பார்த்தாள். ஈயச் சுரங்கத்துக் கொட்டகை நிழலில் அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தான். எதிரே இடது கை இல்லாத ஓர் ஆண்பிள்ளை. பெயர் சன்னாசி என்று பக்கத்துக் கடைக்காரன் சொன்னான். பஸ்ரா சண்டையில் அடிபட்டவர்களைத் தூக்குகிற படையில் இருவரும் ஒன்றாக இருந்தவர்களாம். அர்ச்சுனன் வாய் ஓயாமல் பேசினான். பேசிக்கொண்டே அழுதான்.

பொம்பளையாக இருந்திருந்தால் கொண்டையைப் பிடித்து இரண்டு அறை விட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பாள். இது அதைவிடக் கேவலமாகப் பட்டது. லயத்து வீட்டில் அவளிடம் நாளுக்கு நாலு வார்த்தை பேசமாட்டான். தூக்கத்தில் அலறி எழுந்தால்கூட, என்ன என்று கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். அந்தக் கண்ணீர் தனக்குச் சேர வேண்டியது, அதை எவனோ ஒரு ஒத்தைக்கையன் வாரம் தவறாமல் வாங்கிக்கொள்கிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சும்மா இருந்தாளா? கங்காணியிடம் போய், குடும்பம் கஷ்டம், என் புருஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை போடுங்கள் என்று கெஞ்சினாள். அவரும் போட்டுவிட்டார். அதோடு நிறுத்தியிருக்கலாம். லகாட்டுக்குப் போகிற வண்டிக்காரனிடம், அர்ச்சுனன் இனி வரமாட்டாராம், சன்னாசியும் இந்தப் பக்கம் வர வேண்டாமாம் என்று சொந்தமாக ஒரு பொய்யையும் ஏற்றி அனுப்பினாள்.

முதல் இரண்டு ஞாயிறும் அர்ச்சுனன் சோறு இறங்காமல் கிடந்தான். மூன்றாவது வாரம் ஆளே மாறிவிட்டான். ஒழுகுகிற கூரையை அடைத்தான், மாசத்துக்கு ஆகிற விறகைப் பிளந்து அடுக்கினான். பட்டாளத்துக் கம்பளியைப் பக்கத்து வீட்டுக் காளியம்மாவுக்குக் கொடுத்தான். இருளாயி தலையில் கை வைத்து, பாரிட் புந்தாரில் இருக்கிற அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வா என்றான். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பிரியம் காட்டியதில்லை. ஜெயித்துவிட்டேன் என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது ஞாயிறு காலை சன்னாசி லயத்து வாசலில் வந்து நின்றார். நடந்தே வந்தவருக்கு அவள் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. அர்ச்சுனன் எப்படி இருக்கிறான் என்று அவர் கேட்டார். உங்களைப் பார்க்காத பிறகுதான் மனுஷன் நன்றாக இருக்கிறார் என்று விறகையும் கம்பளியையும் அக்கா வீட்டையும் வேண்டுமென்றே ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

"தங்கச்சி, அவன் எந்த மர நெரையில பால் வெட்டுறான்? ஒடனே காட்டு."

மரங்களுக்கு நடுவே அவர் ஓட்டமும் நடையுமாகப் போனார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். பஸ்ராவிலிருந்து பேராக்குக்கு வந்தவர்கள் நாலு பேர். இரண்டு பேர் தாங்களே உயிரை விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் மிச்சம் இருந்த இருவரும், ஞாயிறு தோறும் முகம் பார்த்துக்கொள்வது என்று சத்தியம் செய்துகொண்டார்களாம்.

"ரெண்டாவதா போனவன் சாவுறதுக்கு முன்னாடி அவன் பூட்ஸ எனக்குக் குடுத்தான். நானும் ரெண்டு நாளு சந்தோசமா மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன். சாகப் போறியான்னு கேட்டா அந்த நெனப்ப நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்னு பயந்து, ஒண்ணும் கேக்காம விட்டுட்டேன். கேட்டுருக்கணும் தங்கச்சி."

இருளாயி அவரை முந்திக்கொண்டு ஓடினாள். நிரையின் கடைசியில், ஓடைக் கரையில் அர்ச்சுனன் உட்கார்ந்திருந்தான். மரங்களில் பால் நிரம்பிய மங்குக் கிண்ணங்கள் எடுக்காமல் கிடந்தன. அவன் கையிலிருந்த பால்வெட்டுக் கத்தியை அவள் மெல்ல வாங்கித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள். அவன் தடுக்கவில்லை.

"என்னப் பாருய்யா. சாகணும்னு நெனச்சியா?"

"ஆமா" என்றான்.

அவள் கரையிலேயே உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். ஞாயிறு வேலை கேட்டதும், பொய் சொல்லி அனுப்பியதும் தான்தான் என்று ஒன்று விடாமல் சொன்னாள். சன்னாசியும் தன்னைக் கைகழுவிவிட்டதாகவே அவன் இத்தனை நாள் நினைத்திருந்தான் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

பின்னால் சன்னாசி வந்து சேர்ந்தார். அவரைக் கண்டதும் அர்ச்சுனன் முகம் உடைந்தது. "வந்துட்டியா மச்சான்" என்றான். அவ்வளவுதான், அடைத்து வைத்திருந்ததெல்லாம் வெளியே கொட்டியது. பக்கத்தில் இருந்த அவளிடம் இல்லை, அவரிடம்தான்.

அவள் வயிறு மறுபடி எரிந்தது. இந்த நேரத்திலுமா என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. ஆனாலும் எரிந்தது.

பால் இன்னும் வந்து சேரவில்லை என்று திட்டிக்கொண்டே கங்காணி நிரைக்குள் வருவது தெரிந்தது. இருளாயி புருஷன் கையை விட்டுவிட்டு எழுந்து போய் வழியை மறித்து நின்றாள். பால் எல்லாம் கட்டிப்போயிற்று, யார் பதில் சொல்வது என்று அவர் குதித்தார்.

"எங்கிட்டக் கேளுங்க, நான் சொல்றேன்" என்றாள். "அவரு அந்த அண்ணங்கிட்டப் பேசிக்கிட்டு இருக்காரு. பேசி முடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் யாரையும் விட மாட்டேன்."