வீரய்யாவின் விறகுக்கட்டை

தோட்டத்துத் துரை வேண்டாமென்று கொட்டிலில் எறிந்த மிதிவண்டியை வீரய்யா வேண்டுமென்று கேட்டு வாங்கினான். கண்டி ஸ்டேஷனில் வந்திறங்கிய ஏழாம் நாளே துரையைக் கோப்பிச் செடிக்குள் குப்புறத் தள்ளிய வண்டி அது. சக்கரம் இரண்டும் மரம், சுற்றி இரும்புப் பட்டை, முன் சக்கரத்தின் நடுவில் மிதிகட்டை. கூலிக்காரர் குடியிருந்த லயத்துச் சனம் அதற்கு மரக்குதிரை என்று பெயர் வைத்திருந்தது.

புசல்லாவைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்துக்கு வீரய்யாதான் தபால்காரன். தினமும் அட்டைக்கடியோடு ஆறு மைல் இறங்கி ஆறு மைல் ஏறுகிறவன். மரக்குதிரை இருந்தால் இறக்கம் முழுவதும் உட்கார்ந்தே போகலாமே! துரை கொடுத்தார், ஒரு நிபந்தனையோடு.

"தபாலோட விழுந்தா வண்டி விறகு. நீ கோப்பிக் கன்னுக்குக் குழி வெட்டப் போகணும்."

"தபாலோட விழ மாட்டேங்க தொரை," என்றான் வீரய்யா. தபால் இல்லாமல் விழுந்து பழகிக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம்.

தபாலுக்கு முன் கோப்பிப் பழம் உரிக்கும் பல்பரைப் பார்த்துக்கொண்டவன் அவன். இயந்திரத்தைக் கண்டால் கை சும்மா இருக்காது. லயத்து வாசலில் வண்டியைக் கவிழ்த்துப்போட்டு, ஆடிய ஆரக்கால்களுக்கு ஆப்பு அடித்தான். ஆசனத்துக்குச் சாக்கு மடித்துத் தைத்தான். பின் சக்கரத்தை அமுக்கி நிறுத்துகிற தோல் காய்ந்து கிடந்தது. பல்பர் வாரைப் போலத்தானே என்று அதை இரண்டு நாள் விளக்கெண்ணெயில் ஊறப்போட்டான். பல்பர் வார் எண்ணெய் குடித்தால் நன்றாகப் பிடிக்கும். இந்தத் தோலோ குடித்த எண்ணெயைச் சக்கரத்தில் கக்கி வழுக்கியது. ஒத்திகை பார்த்த ஞாயிற்றுக்கிழமை மரக்குதிரை அவனை மனைவி பேச்சியம்மாவின் புடலம்பந்தலுக்குள் கொண்டுபோய் இறக்கியது.

"பந்தல் போனாப் போவுது, காலு ரெண்டும் இருக்கா பாருங்க," என்றாள் அவள்.

கால்கள் இருந்தன. தோலைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் தேங்காய்நார்க் கயிற்றைச் சுற்றினான். பாதி இறக்கத்தில் அது புகைந்தது. வேறொருவன் என்றால் கைகழுவியிருப்பான். வீரய்யாவுக்கோ ஒவ்வொரு தோல்வியும் வண்டியை இன்னும் நெருக்கமாக்கியது.

கம்பளைக்குக் கோப்பி மூட்டை ஏற்றிப் போகும் காளிமுத்து, இறக்கம் வந்ததும் மாட்டுவண்டிக்குப் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கட்டி இழுத்துப் போவான். வேகம் மட்டுப்படும். நூறு தடவை பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் வீரய்யாவுக்கு உறைத்தது. வீட்டு விறகிலிருந்து கனமான ஒரு கட்டையை எடுத்து ஆசனத்துக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டினான்.

காளிமுத்து விழுந்து விழுந்து சிரித்தான். "ஏன்யா, மாடில்லாத வண்டிக்கு மாட்டுவண்டிக் கட்டையா?"

"உனக்கு ரெண்டு மாடு. எனக்கு மாடும் நாந்தான், வண்டிக்காரனும் நாந்தான். எனக்குத்தானே மொதல்ல வேணும்?"

திங்கட்கிழமை தபால் பையை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினான். கட்டை தடதடவென்று பின்னால் வந்தது. மூன்றாம் வளைவில் காளிமுத்துவின் மாடுகள் சண்டித்தனம் பண்ண, வண்டி பாதையை அடைத்து நின்றது. பக்கத்தில் குதிரைமேல் துரை. வீரய்யா ஓட்டுவதைப் பார்க்கத்தான் வந்திருந்தார். வீரய்யா இரண்டு காலையும் தரையில் ஊன்றினான். பின்னால் கட்டை இழுத்துப் பிடிக்க, மாட்டுவண்டிக்கு ஒரு முழம் தள்ளி மரக்குதிரை நின்றது.

காளிமுத்து மாடுகளை ஓரங்கட்ட, துரை இறங்கி வந்து மரக்குதிரையைச் சுற்றிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கே. இனிமே இது நமக்கு வேணும். நீ நடந்து போ. அந்தக் கட்டையை எடு, அசிங்கமா இருக்கு."

பட்ட காயமெல்லாம் வீரய்யாவுடையது, வண்டி மட்டும் துரைக்கா? ஆனால் கட்டையை எடு என்றது காதில் விழுந்ததும் மனசு தெளிந்தது. குனிந்து முடிச்சை அவிழ்த்தான். கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு, வண்டியைப் பணிவாகப் பிடித்தான்.

"ஏறுங்க தொரை."

துரை ஒரு காலைத் தூக்கினார். கீழே பாதை செங்குத்தாக விழுந்து வளைந்தது. அவர் கட்டையைப் பார்த்தார். காளிமுத்து வாயைப் பொத்திக்கொண்டு நிற்பதையும் பார்த்தார். தூக்கிய கால் மெல்ல இறங்கியது.

"தபாலுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டுக் குதிரைப் பக்கம் நடந்தார். "நீயே கொண்டு போ."

"சரிங்க தொரை," என்றான் வீரய்யா. கட்டையை மறுபடி கட்டினான், இந்தத் தடவை இரண்டு முடிச்சாக.